அச்சுவேலிக்கு ஒரு பொதி

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் பஸ் ஏறிப் புறப்பட்டால், நல்லூரையும் கோப்பாயையும் கடந்து, நீர்வேலியின் வாழைத் தோட்டங்களையும் புத்தூரின் செம்பாட்டு நிலங்களையும் பார்த்துக்கொண்டே ஏறத்தாழப் பத்து மைல் தூரத்தில் அச்சுவேலியை அடையலாம். கிழக்கே வல்லை வெளியும் தொண்டைமானாற்று நீரேரியும் உள்ளன. வடக்கே வளலாயும் அதற்கப்பால் கடலும் இருக்கின்றன. வடமேற்கே சில மைல் தொலைவில் பலாலி விமான நிலையம் இருக்கிறது. சந்தை, பாடசாலைகள், ஆஸ்பத்திரி, கோயில்கள், தேவாலயங்கள், போருக்குப் பின்னர் 2014 ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்ற கைத்தொழிற் பேட்டை ஆகிய யாவும் இவ்வூருக்கு உண்டு. கிராமத்தின் அமைதியும் பட்டினத்தின் சுறுசுறுப்பும் ஒருங்கே அமைந்த ஊர் என்று சொன்னால் அது மிகையாகாது.

கடல் கடந்த தொடர்பு இவ்வூராருக்குப் புதிதன்று. இப்பகுதிக் கமக்காரர் பயிரிட்ட புகையிலை ஒரு காலத்தில் தோணியேறித் திருவிதாங்கூர் வரை சென்று விலையாயிற்று. ஐந்தாறு மைல் தொலைவிலுள்ள வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அச்சுவேலியைப் பூர்வீகமாகக் கொண்ட தம்பிமுத்து என்பவர் 1939 இல் இலண்டன் மாநகரில் 'பொயற்றி லண்டன்' என்னும் கவிதைச் சஞ்சிகையை ஆரம்பித்து ஆங்கில இலக்கிய உலகிற் பெயர் பெற்றார். இன்றோ இலண்டன், பரிஸ், ரொறன்ரோ ஆகிய இடங்களில் உறவினர் இல்லாத வீட்டை இங்கே காண்பது அரிது.

சென்ற புரட்டாசி மாதத் தொடக்கத்தில் மூன்று வாரம் ஓய்வாக இருந்து வரலாம் என்ற எண்ணத்துடன் என் தமக்கையாரின் வீட்டிற்குப் போயிருந்தேன். பனம்பழக் காலமாதலால் முற்றத்திற் பாய் விரித்துப் பனாட்டுக் காயப்போட்டிருந்தார்கள். அந்த மணமே என்னைப் பிள்ளைப் பருவத்திற்குக் கொண்டுபோய்விட்டது. ஆனால் வீட்டினுள்ளே பிரவேசித்ததும் அங்கே ஒரு கவலை குடிகொண்டிருப்பதை உணர்ந்தேன்.

தமக்கையின் மகள், அதாவது என் மருமகள், கணவனை இழந்த பின் தையல் வேலையினால் இரு பிள்ளைகளையும் வளர்த்து வருபவள். கடன் பட்டு வாங்கிய, பூவேலை செய்யும் தையல் இயந்திரம் ஒன்று அவளிடம் உண்டு. கல்யாண ரவிக்கைகளுக்கு அவள் செய்யும் வேலைப்பாட்டைத் தேடி நெல்லியடியிலிருந்தும் சுன்னாகத்திலிருந்தும் ஆட்கள் வருவர். ஆடி மாத ஆரம்பத்தில் அந்த இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை பழுதாகிவிட்டது. உள்ளூரில் அது கிடைக்கவில்லை. கொழும்பிலும் கிடைக்கவில்லை. ஈற்றில் இணையத்தில் தேடிச் சீன தேசத்து வியாபாரி ஒருவரிடம் நாற்பத்தைந்து டொலருக்கு அதனைக் கண்டுபிடித்தாள்.

அங்கேதான் அவள் முன்னே மூன்று வழிகள் தோன்றின. சாதாரண தபாலுக்கு மூன்று டொலர். பதிவுத் தபாலுக்கு ஒன்பது டொலர். விரைவுக் குரியர் சேவைக்கு முப்பத்தெட்டு டொலர்.

"மாமா, மூண்டு டொலருக்கு வருமெண்டு போட்டிருந்தது. சாமான் ஒண்டுதானே, எப்பிடி வந்தாலென்ன எண்டு அதைத்தான் அமத்தினன்" என்றாள் அவள்.

ஆடி கழிந்தது, ஆவணி பிறந்தது. கல்யாண மாதம் முழுவதும் இயந்திரம் துணியினால் மூடப்பட்டுக் கிடந்தது. பதினொரு மணப்பெண்களின் வேலை வேறு இடங்களுக்குப் போய்விட்டது. மூன்று டொலருக்கும் முப்பத்தெட்டு டொலருக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல் எத்தனையோ மடங்கு வருமானத்தை அவள் இழந்திருந்தாள். இப்பொழுது ஐப்பசிக் கல்யாணங்களும் தீபாவளியும் முன்னே நின்றன. முதலாவது பலகைக்காக இன்னும் காத்திருப்பதா, அல்லது வேறொன்றை வரவழைப்பதா என்பதே அவ்வீட்டின் பிரச்சினை.

"தம்பி, நீ கணக்குப் பாத்துச் சொல்லு. கல்யாணக்காரருக்கு அவள் மறுமொழி சொல்ல வேணும்" என்றார் தமக்கையார்.

நான் முதலில் அந்தப் பொதியின் இலக்கத்தைக் காட்டச் சொன்னேன். சர்வதேசத் தபாற் பொதிகளின் இலக்கம் முன்னே இரண்டு எழுத்தும், நடுவே ஒன்பது எண்களும், ஈற்றில் அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துமாகப் பதின்மூன்று குறிகளைக் கொண்டது. முதலெழுத்து 'ஆர்' எனின் பதிவுத் தபால். 'சி' எனின் பார்சல். 'ஈ' எனின் விரைவு அஞ்சல். 'யூ' என்று தொடங்கினால் அது சுங்கத் தேவைக்காக இலக்கமிடப்பட்ட சாதாரண தபால் மாத்திரமே. அதனை வழியெல்லாம் பின்தொடர்ந்து பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லை. மருமகளின் இலக்கம் 'யூ' என்றுதான் தொடங்கியது. பொதி சீனாவை விட்டுப் புறப்பட்டது என்பதோடு செய்தி நின்றுபோயிற்று. அது தொலைந்துவிட்டதா, தாமதமாக வருகிறதா என்று யாரும் அவளுக்குச் சொல்ல முடியாது. மூன்று டொலர்க் கூலியில் அவள் வாங்காமல் விட்டது வேகத்தை மாத்திரமன்று, செய்தியையுந்தான்.

அன்று பின்னேரம் நாங்கள் முற்றத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில், சென்னையிலிருந்து வந்த விமானம் ஒன்று பலாலியை நோக்கித் தாழ்ந்து சென்றது. 2019 ஆம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, பெருந்தொற்றினால் இடையே மூடப்பட்டு, 2022 மார்கழியில் விமானங்கள் மீண்டும் வரத்தொடங்கிய இடம் அது. "வெளிநாட்டுப் பிளேன் வீட்டுக்கு மேலாலை போகுது, என்ரை சாமான் மட்டும் கொழும்பு சுத்தி வரவேணும்" என்று மருமகள் சிரித்தாள். அவள் கூற்று உண்மையே. வெளிநாட்டுத் தபால் முதலிற் கொழும்பிலுள்ள மத்திய தபால் பரிமாற்றகத்தை அடைந்து, சுங்கத்தின் பார்வைக்குட்பட்டு, அதன் பின்னரே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே பயணம் செய்து அச்சுவேலித் தபாற்கந்தோருக்கு வந்து சேருகின்றது. அயல் நாட்டின் கரை அருகே இருப்பதனால் பொதியும் விரைவாக வரும் என்று நாம் எண்ணிவிடலாகாது. சுங்க வாயில் எங்கே இருக்கிறதோ, அதுவே பொதிக்கு முதலூர்.

அயல்வீட்டார் ஒரு யோசனை சொன்னார். சென்னையிலிருந்து வரும் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினால் என்ன? நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஐப்பசியிற் கப்பற் சேவை தொடங்கி, நின்று, 2024 ஆவணியில் மறுபடி தொடங்கியதும் பேச்சில் வந்தது. இரு துறைகளுக்கும் இடையே ஏறத்தாழ 60 கடல்மைல் தூரந்தான். கையோடு கொண்டுவருவது பழமையான, நம்பிக்கையான வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சென்னைக் கடையிலிருந்த பலகை இந்த இயந்திரத்திற்குப் பொருந்துமா என்று யாரும் உறுதி கூறவில்லை. அன்றியும், பிறருடைய பொருளைக் கொண்டுவருபவர் சுங்கத்திற் கேட்டால் மறுமொழி சொல்லவேண்டியவராகிறார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அறியாமல் ஒருவர் ஏற்பதும் தவறு. அறிவிக்காமல் ஒருவர் கொடுப்பதும் தவறு. எனவே அந்த யோசனையைக் கைவிட்டோம்.

இந்தக் குடாநாட்டார் பொருள் வரும் வழியைப் பற்றி இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் உண்டு. 1914 ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. சென்னையில் ரயிலேறியவர் கடலைக் கடந்து கொழும்பு ரயிலைப் பிடிக்கலாம். 1964 மார்கழியில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது; அந்த வழி முறிந்தது. 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது, தரைப்பாதையும் மூடப்பட்டது. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றறியும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. 2002 இல் திறந்த ஏ-9 பாதை, 2006 ஆவணியில் மீண்டும் மூடப்பட்டு, 2009 வரை மூடியே கிடந்தது. திருகோணமலையிலிருந்து கப்பல் எப்போது வரும் என்று ஒரு குடாநாடே காத்திருந்த காலம் அது. புகையிரதம் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது 2014 ஐப்பசியிலேதான். அக்காலத்தில் வழியைத் தெரிவு செய்யும் பேச்சுக்கே இடமில்லை. வந்த வழியே வழி. தமக்கையார் ஒரு வாளிச் சவர்க்காரத் துண்டுகளை இன்றும் அலுமாரியிற் சேர்த்து வைத்திருக்கிறார். கேட்டால், "கிடக்கட்டும்" என்பார்.

இனி மருமகளுக்கு நான் கூறிய கணக்கை வாசகர்களுக்கும் கூறுகின்றேன், எவருக்கேனும் பயன்படக்கூடும்.

முதற் கேள்வி, பொருள் பிந்தினால் நமக்கு என்ன நட்டம் என்பதே. பொருளின் விலையையும் கூலியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அது போதாது. நாற்பத்தைந்து டொலர்ப் பொருளுக்கு முப்பத்தெட்டு டொலர்க் கூலி கொடுப்பது மூடத்தனம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பொருள் இல்லாமல் ஒரு மாத வருமானம் நிற்குமாயின், கூலியை ஒப்பிடவேண்டியது அந்த வருமானத்தோடேயாம்.

இரண்டாவது, சுங்கக் கணக்கு. இலங்கைச் சுங்கம் பொருளின் விலையோடு கப்பற் கூலியையும் காப்புறுதியையும் கூட்டியே பெறுமதியைக் கணிக்கின்றது. ஆகவே கூலி உயர்ந்தால் தீர்வை கணிக்கப்படும் தொகையும் உயர்கின்றது. மூன்று டொலர்த் தபாலில் நாற்பத்தெட்டு டொலராக இருந்த பெறுமதி, குரியரில் எண்பத்துமூன்று டொலராகும். இதற்கு மேலே குரியர் நிறுவனங்கள் சுங்க வேலையைத் தாமே முடித்துக் கொடுப்பதற்கென ஒரு தொகையும் அறவிடுவது வழக்கம். தீர்வை முன்கூட்டியே கட்டப்பட்டதா, வீட்டு வாசலிற் கட்ட வேண்டியதா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். சில வியாபாரிகள் "விலையைக் குறைத்து எழுதித் தருகிறோம்" என்பார்கள். அதற்கு இணங்கலாகாது. சட்ட விரோதம் என்பது ஒருபுறமிருக்க, பொதி தொலைந்தால் எழுதிய விலைக்கு மேல் ஒரு சதமும் கேட்க முடியாது.

மூன்றாவது, நிறையும் பருமனும். ஆகாய வழியிற் பொதியின் நிறையை மாத்திரம் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, குரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000 ஆல் வகுக்கின்றன. வரும் தொகையும் உண்மையான நிறையும் எது கூடவோ, அதற்கே கூலி. 60, 50, 40 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு பெட்டியில் ஒன்பது கிலோ துணியை நிரப்பினாலும் இருபத்துநான்கு கிலோவுக்குக் கூலி கட்ட நேரிடும். மின்சுற்றுப் பலகையோ உள்ளங்கையளவு. அதற்கு இந்தப் பயம் இல்லை.

நான்காவது, விலாசம். இவ்வூரில் வீடுகளைக் கோயிலையும் ஒழுங்கையையும் கொண்டே அடையாளம் சொல்வர். தபாற்காரருக்கு அது போதும். அவர் பெயரைக் கண்டதுமே சைக்கிளை எந்த ஒழுங்கையில் திருப்புவது என்று அறிவார். நகரத்திலிருந்து வானில் வரும் குரியர்ப் பையனுக்கு அது போதாது, "எந்தக் கோயிலடி?" என்று கேட்பான். ஆதலின் கைத்தொலைபேசி இலக்கத்தைத் தெளிவாக எழுதுவதும், அழைப்பு வந்தால் உடனே எடுப்பதும் அவசியம்.

இவ்வளவையும் கேட்டபின் மருமகள் அன்றிரவே இரண்டாவது பலகையைக் குரியர் வழியில் வரவழைத்தாள். தொகையைக் கட்டும்போது அவள் கை சற்றுத் தயங்கியதை நான் கவனித்தேன்.

குரியரே எப்போதும் சிறந்தது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. அதே வீட்டின் மூலையில் வேறொரு பெட்டி இருந்தது. இலண்டனிலுள்ள மருமகளின் தங்கை வைகாசியில் கப்பலில் அனுப்பியது, ஆவணியில் வந்து சேர்ந்தது. சேலைகள், பிள்ளைகளின் சப்பாத்துகள், சமையற் பாத்திரங்கள் என்று நிறைந்த கனமான பெட்டி. கப்பலிற் பருமனுக்கே பெரும்பாலும் கூலியாதலால் பாத்திரத்தின் பாரம் அங்கே பெரிதன்று. ஆகாய வழியில் அனுப்பியிருந்தால் கூலி பொருளின் விலையை விழுங்கியிருக்கும். அந்தப் பெட்டிக்கு யாரும் நாட்குறித்துக் காத்திருக்கவில்லை; வந்தபோது மகிழ்ந்தார்கள். ஒரேயொரு பிழை, தங்கை பாசத்தினால் வைத்த சொக்கலேற். கப்பற் கொள்கலனின் வெப்பத்தில் அது உருகிச் சேலையொன்றில் ஒட்டிவிட்டது.

கப்பலில் அனுப்புவோர் கடலின் நிலையையும் அறிந்திருத்தல் நல்லது. 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்கும் நமக்கும் இடையே வழி சுருங்கியது. 2023 இன் ஈற்றிற் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் பழைய காலத்தைப் போல நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவர நேரிட்டது. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. எங்கோ நடக்கும் சண்டைக்கும் அச்சுவேலிப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவருக்கு இதுவே விடை. அமெரிக்காவிலுள்ளோர் தபாலிற் கடல்வழி அனுப்பலாம் என்று எண்ணினால், அந்நாட்டுத் தபாற் சேவை வெளிநாடுகளுக்கான தரை, கடல்வழித் தபாலை 2007 இலேயே நிறுத்திவிட்டது என்பதையும் நினைவிற் கொள்க.

இனி, தமக்கையாரின் விஷயத்திற்கு வருவோம். முற்றத்திற் காய்ந்த பனாட்டின் பாதி ரொறன்ரோவிலுள்ள மகனுக்கு. "அவன் சின்னனிலை இதுக்குத்தான் அழுவான்" என்றார். மழைக் காலத்திற்குமுன் நன்றாகக் காய்ந்த பனாட்டையும், மாசியில் இடித்து வைத்த ஒடியல் மாவையும் சேர்த்து மூன்று கிலோ. கப்பலில் அனுப்பினால் ஈரம் பிடித்துப் பூசணம் கட்டிவிடும். குரியருக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கேயே பத்துப் பங்கு வாங்கலாம். ஆகவே பின்தொடரக்கூடிய வான்வழித் தபாற் பார்சலே தகுந்தது என்று தீர்மானித்தோம். 1874 இல் பேர்ண் நகரில் உருவாகி, 1877 இல் இலங்கையும் சேர்ந்துகொண்ட சர்வதேசத் தபாற் சங்கத்தின் பயனால் அச்சுவேலிக் கந்தோரிற் கொடுத்த பொதியைக் கனடாத் தபாற்காரர் வீட்டிற் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நாம் பழகிப்போனதனால் இதன் அருமை தெரிவதில்லை.

அன்பளிப்புப் பொதி என்றாலும் உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதவேண்டும். கனடாவில் 60 கனேடிய டொலர், பிரித்தானியாவில் 39 பவுண், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 45 யூரோ என்ற அளவுக்குட்பட்ட அன்பளிப்புகளுக்குச் சலுகை உண்டு. அமெரிக்காவிலோ 800 டொலருக்குட்பட்ட பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஓகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. பனம்பொருள்களை அங்கே விற்க எண்ணும் சிறு கைத்தொழிலாளர் இதனைக் கணக்கிற் கொள்ள வேண்டும். பரிஸிலுள்ள பேரனுக்கு மாம்பழம் அனுப்ப ஆசைப்படும் பாட்டிமாரும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 மார்கழி முதல் மாம்பழம் உட்படப் பெரும்பாலான புதுப் பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். வாசனைத் திரவியம், தனியான இலித்தியம் பற்றறி முதலியவற்றை வான்வழிப் பொதியில் ஒளித்து வைப்பது விமானத்திற்கே ஆபத்து.

குரியர்ப் பொதி ஒன்பதாம் நாள் வந்தது. தீர்வையும் கட்டணமுமாக மருமகள் எதிர்பார்த்ததிலும் சற்றுக் கூடவே கட்ட நேர்ந்தது. ஆனால் அன்று மாலை இயந்திரத்தின் ஓசை வீட்டில் மீண்டும் கேட்டது. தமக்கையார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இரவு பத்து மணிவரை அந்த ஓசை நிற்கவில்லை. பிள்ளைகள் அதன் தாளத்திலேயே நித்திரையானார்கள்.

நான் கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் காலை, படலையிற் சைக்கிள் மணி கேட்டது. "பிள்ளை, சீனாவிலையிருந்து ஒண்டு வந்திருக்கு" என்று தபாற்காரர் ஒரு சிறிய மங்கிய உறையை நீட்டினார். அது வேறொன்றுமன்று, ஆடி மாதத்தில் மூன்று டொலரில் அனுப்பிய முதலாவது பலகை! எந்தெந்த ஊரில் எத்தனை நாள் தங்கி வந்ததோ, அந்த உறைக்கே வெளிச்சம். தவணை தப்பினும் தவறாமல் வந்து சேர்ந்துவிட்டது.

மருமகள் கோபிப்பாள் என்றே எண்ணினேன். அவள் உறையைப் பிரித்துப் பார்த்து, பலகையை ஒரு சீலைத் துண்டிற் சுற்றி, தாயாரின் அலுமாரியைத் திறந்து, அந்தச் சவர்க்கார வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுவும் கிடக்கட்டும் மாமா. அடுத்த ஆவணிக்குள்ளை பழுதானால், நான் ஒருத்தரையும் பாத்திருக்கத் தேவையில்லை."

தபாற்காரர் முற்றத்தில் நின்று ஒரு துண்டு பனாட்டை வாயிற் போட்டுக்கொண்டு, தமக்கையார் கட்டிவைத்திருந்த கனடாப் பொதியின் நிறையைக் கையாலே தூக்கி மதிப்பிட்டார். "மூண்டு கிலோ சரியா வரும் அம்மா. பத்து மணிக்கு முதல் கந்தோருக்குக் கொண்டு வந்தால் இண்டைக்கே போகும்" என்றார். தமக்கையார் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உடனே புறப்பட்டார். பொதியைச் சுமந்துகொண்டு நானும் அவர் பின்னே நடந்தேன்.